ஆனைக்குட்டம் வரை வந்த பனி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், கேட்பவர் வயதைக் கேட்பதில்லை, நோயைக் கேட்பதில்லை. "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பார். சிவகாசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் துக்கம் விசாரிக்கும் முறை அது. எம். புதுப்பட்டியில் என் அப்பா இறந்தபோதும் வந்தவர்கள் மாலையை வைத்துவிட்டு அதையே கேட்டார்கள். கம்பெனியில் இல்லை, வீட்டில்தான், ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சுவலி என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். "வீட்டுலயா?" என்று சிலர் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆச்சரியம் நியாயமானது. அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். (எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குக் கொடுப்பது மாத்திரை.) வாழ்நாள் முழுவதும் ஒரு பொறிக்குப் பயந்து வாழ்ந்த மனிதர், கண்ணாடி முன்னால் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு இறந்தார். மறு கன்னத்தை நான்தான் மழித்துவிட்டேன். அதிலும் ஒரு வெட்டு விழுந்தது. அந்த வாரம் நான் செய்த காரியங்களில் ஓரளவு சரியாக முடிந்தது அது ஒன்றுதான்.

நான் அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவனாக இருந்தேன். பிறர் எழுதியதில் "எனக் கூறப்படுகிறது" என்று சேர்ப்பது என் வேலை. எதையும் உறுதி செய்யாமல் எழுதாதே, சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று நிருபர்களுக்குத் தொலைபேசியில் பாடம் நடத்துவேன். அந்தப் பாடத்தை நான் எவ்வளவு கற்றிருந்தேன் என்பதற்கு இந்தக் கட்டுரையே சான்று.

என் தங்கை மாரீஸ்வரி இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உதவித்தொகையில் போனவள். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டவர்களுக்கு அம்மா ஒரே வரியில் பதில் சொல்வார்: "ஐஸு எங்கன வந்து நின்னுச்சுன்னு தேடுதா." அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வடக்கு நாடுகளைப் பெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. நகரும்போது பாறைகளை அரைத்து மாவாக்கித் தள்ளிக்கொண்டே வந்தது. எங்கே நின்றதோ அங்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு உருகிப்போனது. பனி போய்விட்டது, அது போட்ட மண் கடற்கரை மேடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த மண்ணை ஊர் ஊராக எடுத்துப் பார்த்து, பனியின் விளிம்பு இதுதான் என்று வரைபடத்தில் ஒரு கோடு போடுவதுதான் மாரியின் வேலை.

அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "மண்ணைப் படிக்க அம்புட்டு தூரமா? இங்கன இல்லாத மண்ணா?" என்றார். ஒருநாள் அவள் கடற்கரையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு அந்த மேட்டைக் காட்டினாள். சாம்பல் நிற மண்சுவர், கீழே கடல்.

"ஐஸு இங்கனதான் நின்னுச்சுன்னு எப்படித்தா சொல்லுத?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு ரூம்பு வெடிச்சா, செங்கல் எம்புட்டு தூரம் போய்க் கெடக்குன்னு பாப்பீகள்லப்பா? கடைசிச் செங்கல் எங்கன கெடக்கோ அதுதான் விளிம்பு. அதே மாதிரிதான்."

அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்படி வெடித்த அறைகளை அவர் பார்த்திருக்கிறார். பிறகு, "அந்தச் சுவரு நிக்காது போலயே, இடியுதே" என்றார்.

"ஆமாப்பா. வருசா வருசம் கடலு தின்னுட்டே இருக்கு. அதுக்குள்ள எடுத்திரணும்."

"எடுத்தா எனக்கும் ஒரு கை கொண்டா. ஐஸு அரைச்ச மாவு எப்படியிருக்குன்னு பாப்போம்."

அப்பா இறந்த செய்தி போனபோது மாரி ரயிலில் இருந்தாள். அந்த மேட்டு மண்ணைச் சலித்துப் பொட்டலம் போட்டு இன்னொரு ஊர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் இறங்கி, அப்படியே விமான நிலையத்துக்குப் போனாள்.

அவள் வரும்வரை வைத்திருக்கலாம் என்றுதான் சிவகாசியிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தோம். மறுநாள் காலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வந்தது; தீபாவளிச் சீசன் நேரம், ஏற்கெனவே எங்கெங்கோ ஓடி ஓய்ந்த ஒன்று, மத்தியானமே நின்றுவிட்டது. பெட்டியின் கண்ணாடியில் உட்புறமாகத் தண்ணீர் கோத்தது. பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "எடுத்துருவோம்" என்றேன். மாரி அப்போது வானத்தில் எங்கோ இருந்தாள். கேட்க வழியில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது அஸ்தியைக்கூடத் தாமிரபரணியில் கரைத்துவிட்டிருந்தோம். வீட்டில் இருந்தது ஒரு படம், அப்பாவின் கட்டில், அவர் விழுந்த இடத்தில் ஏற்றிவைத்த விளக்கு. "ஏண்ணே, ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். நான் மின்வெட்டைப் பற்றி விரிவாகச் சொன்னேன். செய்தி போலவே சொன்னேன். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்கு மறுநாள்தான் சம்பவம்.

விளக்கில் எண்ணெய் தீர்ந்து அணைந்துவிட்டது. ஏற்றப் போனபோது தீப்பெட்டி கைதவறிக் கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்தேன். அப்பாவின் சாப்பாட்டுப் பை அங்கே இருந்தது. தினமும் கம்பெனிக்குத் தூக்குவாளி எடுத்துப்போகும் பை. உள்ளே தூக்குவாளி இல்லை. கனத்த பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி. உறைகளின் மேல் ஆங்கில எழுத்தும் எண்ணும். ஒன்றின் மேல் மட்டும் தமிழில் "அப்பா" என்று எழுதியிருந்தது.

வேறு ஊர்க்காரர் என்றால் சிமென்ட் என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சாம்பல் நிறப் பொடி என்றால் ஒரே அர்த்தம்தான். அப்போது நிலவரமும் அப்படி: அனுமதியில்லாத கொட்டகை ஒன்றில் விபத்து நடந்து, வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு உருட்டுகிறவர்களைத் தேடி அதிகாரிகள் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் செய்திகளைத் திருத்தியவனே நான்தான். என் மூளையில் தலைப்பு தானாக ஓடியது: "இறந்த தொழிலாளி வீட்டில் வெடிமருந்து பறிமுதல்."

ஒரு கையில் தீப்பெட்டி. எதிரே மருந்து. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். தீப்பெட்டியை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு எறிந்தேன். (ஒரு கோழி அலறியது.) பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. அச்சகத்தில் காலண்டர்த் தாள் வெட்டுகிறவர். நான் செய்தி வெட்டுகிறவன். வெடிமருந்து தெரிந்த ஒரே ஆள் மாலையோடு சுவரில் இருந்தார்.

"என்னலே, மருந்தா?" என்றார் சித்தப்பா, பையை எட்டிப் பார்த்து.

"சத்தம் போடாதீக."

"எங்கண்ணனா? கம்பெனிக் குழாயில குளிச்சு, சட்டையை மாத்தாம வாசப்படி தாண்டாத மனுசம்லே அவரு. நகக்கண்ணுல மருந்து இருக்கும்னு, கைப்பிள்ளையில உன்னையவே தூக்க மாட்டாரு."

"அப்ப இது என்ன, கோலப்பொடியா? பேரு எழுதியிருக்கு, பாருங்க."

சித்தப்பா படித்தார். அவர் முகம் விழுந்தது. அச்சுத் தொழிலில் இருப்பவர். எழுத்தில் இருந்தால் நம்பிவிடுவார்.

"தெக்குத் தெருவுல நேத்தே செக்கிங் வந்திருக்காக" என்றார் மெதுவாக. "மாரிகிட்ட ஒரு வார்த்தை கேப்பமா?"

"வேண்டாம். அப்பா முகத்தையே பாக்கல அவ. இதை வேற பாக்க வேண்டாம். அவளுக்குத் தெரியவே கூடாது."

நான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக நினைத்தேன். என் வாழ்க்கையில் நடந்த பெரிய சேதங்கள் எல்லாம் நான் பெருந்தன்மையாக இருந்த நேரங்களில்தான் நடந்திருக்கின்றன.

கொஞ்சம் தண்ணீர் பட்டால் மருந்து சூடேறும், நிறையத் தண்ணீரில் கரைத்தால் ஒன்றும் செய்யாது என்பது சித்தப்பாவின் கருத்து. பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் வறண்டு கிடந்தன. நிறையத் தண்ணீர் என்றால் ஆனைக்குட்டம் அணைதான். அங்கே போக வேண்டுமென்றால் சிவகாசி ஊருக்குள் புகுந்து போக வேண்டும். எங்களிடம் இருந்தது அப்பாவின் மொபெட்.

ஆகவே, வெடிமருந்து என்று நாங்கள் நம்பிய பையை என் கால்களுக்கு நடுவே, பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில், வெயிலில் கொதிக்கும் எஞ்சினுக்கு மேலே மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். இப்போது எழுதும்போது இதில் உள்ள குறை தெரிகிறது. அன்று, பை ஆடக்கூடாது என்பது ஒன்றில்தான் கவனமாக இருந்தோம். பின்னால் சித்தப்பா, வெடித்தால் தனக்கு எட்டாத தூரத்தில் இருக்க முயல்பவர் போல, கேரியரின் கடைசி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம், "மெல்லலே, மெல்ல, அண்ணனை நெனச்சுக்கோ" என்றார். தீபாவளி வியாபாரம். கடை வாசலில் எல்லாம் கார்கள். லோடு ஏற்றிய லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

ஊர் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். "ஹெல்மெட் எங்க?" என்றார். பிறகு மொட்டையடித்த என் தலையைப் பார்த்தார். "பையில என்ன?"

"அப்பா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் பையைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். "போங்க தம்பி. பாத்துப் போங்க" என்றார். ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. போலீஸைப் பற்றி எழுதிய கடுமையான செய்திகளுக்காக மனதுக்குள் வருந்தினேன்.

அணையில் அந்த ஆண்டு தண்ணீர் ஓரளவு கிடந்தது. ஆள் இல்லாத பக்கமாக இறங்கி, முதல் உறையைப் பிரித்துத் தண்ணீரில் கவிழ்த்தேன். மேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்யா! குப்பையா கொட்டுதீக?"

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி. கம்போடு இறங்கி வந்தாள். என் தலை, கையில் சாம்பல் நிறப் பொடி, பக்கத்தில் பித்துப் பிடித்தவர் போல நிற்கும் சித்தப்பா, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். குரல் மாறியது.

"பெத்தவுகளா?"

"அப்பா" என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

"வீட்டுலதான் தாயி" என்றார் சித்தப்பா.

"வீட்டுலயா? குடுத்து வச்ச மனுசன்" என்றாள். "அதுக்காக இப்படியா மூட்டையோட கவுப்பாக? தெக்கப் பாத்து நில்லுங்க. ஒவ்வொரு கையா அள்ளி விடுங்க. பேரைச் சொல்லி விடுங்க."

இது அஸ்தி இல்லை, வெடிமருந்து என்று அவளிடம் சொல்ல முடியாது. தெற்கே பார்த்து நின்றேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கையாக அள்ளி விட்டேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். பொடி தண்ணீரில் ஒரு புகை போல விரிந்து மெல்ல இறங்கியது. கடைசியாக "அப்பா" என்று எழுதிய உறை. அதைப் பிரித்தபோது எனக்கு ஏதோ ஆனது. அப்பாவை வீட்டில் கிடத்தியிருந்தபோது அழவில்லை. சிதைக்கு முன்னால் அழவில்லை, சாம்பலை ஆற்றில் விட்டபோதும் நேரம் என்ன என்றுதான் பார்த்தேன். ஆனைக்குட்டத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆட்டுக்காரி மேற்பார்வையில், ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். "அழுதுருங்க, நல்லது" என்றாள் அவள். ஆடுகள் வேடிக்கை பார்த்தன.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினால், விரல்களில் வழவழவென்று ஏதோ அப்பியிருந்தது. சித்தப்பாவும் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, இது மண்ணுல்ல?"

பையின் அடியில் இன்னும் ஏதோ கனத்தது. எடுத்தேன். உள்ளங்கை அளவு கல். செம்பழுப்பு நிறம், நடுவே வெளிறிய கட்டங்கள், ஒரு பக்கம் நேர்நேராகக் கீறல்.

சித்தப்பா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உரசுனாப் பொறி பறக்குற கல்லோட சேத்து மருந்தை வைக்கிறவனாலே எங்கண்ணன்?"

திரும்பி வரும் வழியில் வேகத்தடைகளில் யாரும் மெல்ல என்று சொல்லவில்லை. சிவகாசியைத் தாண்டும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது: எந்த மனிதனும் தன் பையில் தானே "அப்பா" என்று எழுதிவைத்துக்கொள்ள மாட்டான்.

மாரி எழுந்துவிட்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். அம்மா விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அப்பா சாப்பாட்டுப் பையைப் பாத்தியா? என் மண்ணு அதுலதான் இருந்துச்சு."

"எந்தப் பை?" என்றேன். (நாளிதழில் இதற்கு "மறுப்பு" என்று பெயர்.)

"அதான், அப்பா கேட்டாகள்ல. அவுக பையிலயே போட்டு, அவுக கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும்னு வச்சேன். ஆய்வகத்துக்குக் கொண்டு போறதும் அதுலதான் இருக்கு."

சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஆனைக்குட்டத்துல இருக்கு தாயி."

"ஆனைக்குட்டத்துல யாருகிட்ட?"

"கரைச்சாச்சு."

அவள் என் ஈரமான வேட்டியைப் பார்த்தாள். "எதுக்குண்ணே?"

சொல்லித்தான் ஆகவேண்டும். "அப்பா மருந்து கொண்டாந்து வச்சிருக்காகன்னு நெனச்சேன்."

அம்மா, தலையைத் தூக்காமலே கேட்டார்: "உங்க அப்பாவையாடா அப்படி நெனச்ச?"

நான் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தேன்.

"ஒரு பொட்டலத்துல அப்பான்னு எழுதியிருந்துச்சே" என்றாள் மாரி.

"அதைப் பாத்துத்தான்..."

"அதையும் கரைச்சிட்டியா?"

"கடைசியா. தெக்கப் பாத்து. பேரைச் சொல்லி."

அவள் என்னையே பார்த்தாள். சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக, பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு. "ஐயோ அண்ணே... இனிமே எவனாவது ஆனைக்குட்டத்துல தோண்டிப் பாத்தான்னா, ஐஸு இந்தியாவுல இங்கன வரைக்கும் வந்துச்சுன்னு எழுதிப்புடுவான்..." சித்தப்பாவும் சிரிக்க ஆரம்பித்தார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. அம்மா நகர்ந்து வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பாகிட்டதான போயிருக்கு, விடு" என்றார்.

"அப்பா அங்க இல்லையேம்மா" என்றாள் மாரி.

அவள் திரும்பிப் போனபோது அந்தக் கடற்கரை மேடு இல்லை. அதற்குள் ஒரு புயலில் கடல் எடுத்துக்கொண்டது. மற்ற ஊர்களில் எடுத்திருந்த மண்ணை வைத்து ஆராய்ச்சியை முடித்தாள்; பட்டமும் வாங்கினாள். அவள் வரைந்த படத்தைச் சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். பனியின் விளிம்பைக் காட்டும் கோடு கடற்கரையோரமாக வளைந்து வளைந்து வருகிறது. ஓர் இடத்தில் மட்டும் விட்டு விட்டுப் புள்ளிகளாகப் போகிறது. உறுதியாகத் தெரியாத இடத்தில் அப்படிப் போடுவார்களாம். நான் வேலை பார்த்த இடத்தில் அதைத்தான் "எனக் கூறப்படுகிறது" என்று எழுதினோம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சித்தப்பா அந்தப் புள்ளிகளைக் காட்டி, "இது எங்க பய போட்டது" என்பார்.

அந்தக் கல் தப்பித்தது. அது நார்வே நாட்டுப் பாறையாம். பனி அதைக் கடல் தாண்டி இங்கிலாந்து வரை தள்ளிக்கொண்டு வந்தது; அங்கிருந்து புதுப்பட்டிக்கு மாரி கொண்டுவந்தாள். அம்மா அதில் பூண்டு நசுக்குகிறார்.

அப்பாவுக்குத் திதி வந்தால் அம்மா தாமிரபரணிக்குப் போக மறுக்கிறார். ஆனைக்குட்டத்துக்குத்தான் போக வேண்டும். அப்பாவின் ஒரு துளிச் சாம்பல்கூட அங்கே இல்லை என்று நான் உண்மை நிலவரத்தை எடுத்துச் சொன்னேன். "நீ அழுத இடம் அதுதானடா" என்றார். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை.

போன முறை மாரியும் வந்திருந்தாள். அணையில் தண்ணீர் குறைந்து, நாங்கள் அன்று நின்ற இடம் வெடித்துக் கிடந்தது. மாரி கொஞ்ச நேரம் நடந்து பார்த்தாள். ஓர் இடத்தில் குனிந்து ஒரு கட்டியைப் பெயர்த்தாள், விரலில் தேய்த்தாள், தொழில் பழக்கம், நுனிநாக்கில் வைத்துப் பல்லால் கடித்தும் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அம்மாகூட.

"அதுவா?" என்றேன்.

"இல்லண்ணே. கரிசல். நம்ம மண்ணுதான்."

கட்டியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத் தேடு தாயி" என்றார் சித்தப்பா. "இங்கனதான் எங்கயாச்சும் இருக்கும்."